நாற்பத்தொன்றாம் மூடியின் முக்குளிப்பான்

தாராக்குளத்துக் கீழவீதியில், ரேஷன் கடைக்கு நேர் முன்னால், நாற்பத்தொன்றாம் எண் சாக்கடை மூடியின் மேல் வார்த்திருந்த இரும்பு முக்குளிப்பான் பறவை, ஒரு புதன்கிழமை காலை ஆறு மணிச் சங்கு ஊதி ஓய்ந்த கையோடு, கழுத்தை ஒரு முறை உள்ளிழுத்து, தலையைத் தாழ்த்தி, வாலைத் தூக்கி, மூடிக்குள்ளேயே முங்கிப்போனது. பார்த்தவள் பால்காரி பழனாத்தாள். குளத்தில் முங்கினால் தண்ணீர் எப்படி வட்டம் வட்டமாக விரியுமோ அப்படி இரும்பு விரிந்தது, பிறகு அடங்கியது, பிறகு வெறும் மூடி கிடந்தது, அந்த மூடி நனைந்திருந்தது. நாற்பது வீட்டுக்குப் பால் ஊற்ற வேண்டியவளுக்கு நின்று ஆச்சரியப்பட நேரம் ஏது, கேனை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு நடந்தாள், ஏழாவது வீட்டில் பாலை அளக்கும்போதுதான் ஞாபகம் வந்து சொன்னாள்.

"கீழவீதி முக்குளிப்பான் முங்கிருச்சுங்க்கா. வாலு மட்டும் கடைசியாப் போச்சு."

அந்த வீட்டு அக்கா பாலில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்தபடியே, "இனி எங்க எந்திரிக்குமோ" என்றாள். தாராக்குளத்துக்காரர்கள் குளத்தங்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள். முக்குளிப்பான் முங்கின இடத்தில் எந்திரிக்காது என்பது அங்கே நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும்.

சேதி பத்து மணிக்கு ஊருக்கு மேற்கே இருக்கும் இரும்பு வார்ப்புப் பவுண்டரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அதைக் கேட்டு ஆச்சரியப்படாதவள் அங்கேயும் ஒருத்தி இருந்தாள். ஆனால் அவள் கையிலிருந்த உளி கீழே விழுந்தது. அவள் பெயர் கலாமணி. அந்தப் பறவையைச் செய்தவள் அவள்தான்.

கலாமணி பேட்டர்ன் மேக்கர். உருக்கிய இரும்பை ஊற்ற மணலில் ஒரு பள்ளம் வேண்டும், அந்தப் பள்ளம் பதிய மரத்தில் ஒரு மாதிரி வேண்டும், அந்த மரமாதிரியைச் செதுக்குகிற வேலை. ஐ.டி.ஐ.யில் அந்தப் படிப்புக்கு முப்பத்தொரு பையன்களுக்கு நடுவில் ஒரே பெண்ணாக உட்கார்ந்து, அத்தனை பேரும் ஆளுக்கொரு வேலைக்குச் சிதறிப்போன பிறகும் அவள் மட்டும் உளியைக் கீழே வைக்கவில்லை. இரும்பு ஆறும்போது சுருங்கும், நூற்றுக்கு ஒன்று சுருங்கும், அதனால் பேட்டர்ன் செய்கிறவர்களிடம் இரண்டு ஸ்கேல் இருக்கும். ஒன்று ஊரெல்லாம் வைத்திருக்கும் சாதா ஸ்கேல். மற்றது சுருக்க ஸ்கேல், அதில் நூறு என்று போட்டிருக்கும் இடம் உண்மையில் நூற்றொன்று. மரத்தைச் சுருக்க ஸ்கேலில் அளந்து கொஞ்சம் பெரிதாகவே செதுக்க வேண்டும், அப்போதுதான் ஆறின இரும்பு சொன்ன அளவுக்கு வந்து நிற்கும். பதினாறு வருஷத்தில் கலாமணி ஒரு நாள்கூட ஸ்கேலை மாற்றி எடுத்தவள் இல்லை.

பவுண்டரி முதலாளி தெய்வசிகாமணி ஜப்பானுக்கு மெசின் பார்க்கப் போய், மெசினை விட்டுவிட்டு, போன் நிறையச் சாக்கடை மூடிகளைப் படம் பிடித்துக்கொண்டு வந்தவர். ஊருக்கு ஒரு மூடி. ஒன்றில் பூ, ஒன்றில் கோட்டை, ஒன்றில் துள்ளும் மீன், ஒன்றில் இரண்டு கொக்குகள், சிலதில் சிவப்பும் நீலமுமாக வர்ணம்கூட ஊற்றியிருந்தது.

"அம்மிணி, இதப் பாரு. சத்தியமாச் சாக்கடை மூடிதான். சனம் சுத்தி நின்னு படம் புடிக்குது. நா ஒரு வாரம் குனிஞ்ச தலை நிமிரலை. நம்மூருக்குக் கொளம் இருக்குது, கொளம் நிறைய பட்சி இருக்குது. நகராட்சியில பேசிட்டேன். நீ செதுக்கு. ஒண்ணு மட்டும் சொல்லிப்போட்டேன், மூடி ஆடக் கூடாது. அங்க ஒரு மூடி ஆடறதில்லை, கால வெச்சாக் கல்லு மாதிரி நிக்குது."

கலாமணி படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். கொக்குகளின் கால் விரல்கள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன.

"மேல நல்லா இருக்குதுங்க மொதலாளிங்க. கீழ ஆரு எறங்கறாங்க?"

தெய்வசிகாமணி போனை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அத நாங் கேக்கலை அம்மிணி" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை, யாரிடம் அதைச் சொல்கிறோம் என்பது சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

ஏனென்றால் கலாமணியின் புருஷன் வெள்ளிங்கிரி, மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில் கீழவீதிச் சாக்கடை அடைத்துக்கொண்ட அன்று, காலை ஒன்பது மணிக்கு, ரேஷன் கடை வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நாற்பத்தொன்றாம் குழிக்குள் இறங்கினான். ஏறவில்லை. ஏறவில்லை என்பதோடு முடிந்திருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். அவன் இறங்கவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இறக்கிய கான்ட்ராக்டர் சென்னியப்பன், அன்றைக்கு அவன் வேலைக்கே வரவில்லை என்றார். நகராட்சிப் பதிவேட்டில் அந்தத் தேதிக்கு நேரே, ஆள் யாரும் இறக்கப்படவில்லை என்று நல்ல கையெழுத்தில் இருந்தது. மேலே கயிறு பிடித்து நின்ற கிட்டுச்சாமி, தான் அன்று அந்தத் தெருப் பக்கமே போகவில்லை என்றான். வரிசையில் நின்றவர்களைப் போலீஸ் கேட்டபோது, அரிசி போடுகிறார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம், கவனிக்கலைங்க என்றார்கள். அவள் காலில் விழுந்து கேட்டதற்காக நாலாம் நாள் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, தண்ணீர்தான் ஓடுகிறது என்று சொல்லி மூடினார்கள். வெள்ளிங்கிரி காணாமல் போனவர்கள் பட்டியலில் சேர்ந்தான். ஏழு வருஷம் வராமல் இருந்தால்தான் அவன் செத்தவன் என்று வக்கீல் சொன்னார்.

பொட்டு வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் ஒரு பேச்சு. வளைகாப்புக்கு அவளைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல், கூப்பிட மறந்ததுபோல் இருந்துவிட்டார்கள். கருமாதி செய்யலாம் என்றால் அது பதினாறாம் நாள் செய்வது, பதினாறு எண்ண முதலில் ஒன்று வேண்டும், அந்த ஒன்றை எந்த நாளிலிருந்து எடுப்பது? கலாமணிக்கு வேண்டியது காசோ வீடோ இல்லை. அவன் இறங்கினான் என்று யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இறங்கினவனைத்தானே ஏற்ற முடியும்.

ஆனாலும் அவள் மூடி செதுக்க ஒப்புக்கொண்டாள். ஏன் என்று அவள் குடியிருந்த காலனிப் பெண்கள் கேட்டதற்கு, "நாஞ் செய்யலைன்னா மூடாம விட்டுருவாங்களாக்கும்" என்றாள். விடிந்ததும் விடியாததுமாகக் குளத்துக் கரையில் போய் உட்கார்ந்து, கூழைக்கடா தாடைப்பையைத் தொங்கவிட்டு மிதப்பதையும், பாம்புத்தாரா சிறகை விரித்துக் காய வைப்பதையும், நாமக்கோழிகள் கூட்டமாகச் சண்டை பிடிப்பதையும், வக்கா கழுத்தைத் தோளுக்குள் புதைத்துக்கொண்டு யாரையோ எதிர்பார்த்து நிற்பதையும் நோட்டில் வரைந்து வந்து, தேக்குப் பலகையில் செதுக்கினாள். கூழைக்கடா மாதிரியில் நாற்பது மூடி, நாமக்கோழியில் நாற்பது மூடி என்று வார்த்தார்கள். அத்தனையும் கச்சிதம். தெருவில் சட்டத்துக்குள் வைத்தால் கல்லுபோல நின்றன, ஒரு முடி நுழைய இடமில்லை.

கடைசியாக முக்குளிப்பான். கைக்குள் அடங்குகிற பறவை, கழுத்தில் செம்மண் நிறம், அலகு முடியும் இடத்தில் ஒரு மஞ்சள் புள்ளி, கால்கள் உடம்பின் கடைக்கோடியில், தரையில் நாலு எட்டு நடக்க வராது, தண்ணீருக்குள் போனால் யாரும் பிடிக்க முடியாது. அலகில் ஒரு பாசி இழையோடு செதுக்கினாள். அன்றைக்கு ஐப்பசி பதினான்கு, வெள்ளிங்கிரி இறங்கிய தேதி. இரண்டு ஸ்கேலும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. சாதா ஸ்கேலை எடுத்து அளந்துவிட்டாள். தெரிந்து எடுத்தாளா தெரியாமல் எடுத்தாளா என்று அவளைக் கேட்டால் அவளாலும் சொல்ல முடியாது. ஒரே ஒரு மூடி வார்த்ததும் மாதிரி இரண்டாகப் பிளந்துவிட்டது, வந்த மூடி ஆறு மில்லிமீட்டர் சின்னது. மணல் அச்சு கட்டும் மோல்டர் தன்பாட்டுக்கு எடுத்துப் பொருத்திய எண் நாற்பத்தொன்று. யாரும் அதைச் சொல்லிச் செய்யவில்லை.

மூடியைப் பதித்த அன்றே கீழவீதிக்காரர்களுக்குத் தூக்கம் போனது. சைக்கிள் ஏறினாலும் டக் டக், நாய் நடந்தாலும் டக் டக், சில சமயம் எதுவும் ஏறாமலே டக் டக். குழிக்குள் இறங்குகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. மேலே கயிறு பிடிப்பவன் விடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், கீழே இருப்பவன் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். குரல் வராத இடத்திலிருந்தால் அவன் இரும்புப் படியில் இரண்டு தட்டு தட்டுவான், இரண்டு தட்டு என்றால் இழு என்று அர்த்தம். அவன் வெளியே வந்ததும் கயிறு பிடித்தவன் உரக்க "ஏறியாச்சு" என்று சொல்ல வேண்டும், அதைச் சொன்னால்தான் அன்றைய வேலை முடிந்த கணக்கு. இந்த முறையெல்லாம் கீழவீதிக்காரர்களுக்குத் தெரியாது. கலாமணிக்குத் தெரியும். அவள் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் வேலைக்குப் போனாள்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தெருக்காரர்கள் மனு கொடுத்தார்கள். சென்னியப்பன் ஆளை அனுப்பி, மூடியைச் சுற்றி இருந்த அந்த ஆறு மில்லிமீட்டர் சந்தில் சிமென்டைக் குழைத்து அடைத்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சிமென்ட் இறுகியது. புதன்கிழமை காலை பறவை முங்கியது.

மறுநாள் அது நாற்பத்துநாலாம் மூடியில் எந்திரித்தது. அந்த மூடியில் ஏற்கெனவே ஒரு கூழைக்கடா இருந்தது, அதன் வயிற்றோரமாக ஈரத்தோடு ஒண்டிக்கொண்டு நின்றது முக்குளிப்பான். இரண்டு நாள் அங்கே இருந்தது, பிறகு முங்கி ஐம்பத்திரண்டில் எந்திரித்தது.

ஊர் என்ன செய்தது என்று கேட்டால், ஊர் எதைத்தான் விழுங்கவில்லை, இதையும் விழுங்கியது. முதலில் கவுன்சிலர் பறவை திருட்டு என்று போலீசில் புகார் கொடுத்தார். சப்-இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, "மூடி இருக்குது, பட்சியக் காணோம். பட்சின்னா போகத்தான செய்யும்" என்று சொல்லி மோர் குடித்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் வெயிலில் இரும்பு விரிவடையும் என்று விளக்கினார், அதைக் கேட்டு எல்லோரும் தலையாட்டினார்கள், யாரும் எதையும் புரிந்துகொள்ளவில்லை, அவரும்தான். எந்த வாசலில் எந்திரிக்கிறதோ அந்த வீட்டுப் பெண்கள் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள், சாக்கடைக்குள் இருந்து வருகிறதே பாவம் என்று. பொரி போட்டார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளை பெண்ணை அதன் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அதன் மேல் வண்டி நிறுத்தக் கூடாது என்று யாரும் சொல்லாமலே ஒரு சட்டம் வந்தது. மூன்று வாரத்தில், முக்குளிப்பான் இல்லாத தாராக்குளம் எப்படி இருந்தது என்றே பலருக்கு மறந்துபோனது. இத்தனை பேச்சிலும் ஒருவர் வாயிலிருந்தும் வெள்ளிங்கிரி என்ற பெயர் மட்டும் வரவில்லை. அந்தப் பெயர் வரும் இடத்தில் எல்லோரும் இருமினார்கள், அல்லது மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்கள்.

பறவை இன்று எங்கே என்று தெரிய வேண்டுமானால் மேட்டுக்கடை பஞ்சர் கடைக்குப் போக வேண்டும். கடைக்காரன் வேறு யாருமில்லை, கிட்டுச்சாமிதான். கயிறு பிடிக்கும் வேலையை விட்டபின் சென்னியப்பன் தயவில் வைத்துக்கொண்ட கடை. டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்ப்பதுதான் இப்போது அவன் பிழைப்பு. ஆள் சேரட்டும் என்று விளையாட்டாக ஒரு கரும்பலகை மாட்டி, "இன்று முக்குளிப்பான்: தேர்முட்டி, 60" என்று எழுத ஆரம்பித்தான். ஆட்டோக்காரர்கள் படித்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் நாளைக்கு எந்த எண் என்று பந்தயம் கட்டினார்கள், காற்று அடிக்க வந்தவர்கள் நின்று பேசினார்கள். கலாமணியும் தினமும் சாயங்காலம் எதிர்ச்சாரியில் மொபெட்டை நிறுத்திப் பலகையைப் படித்துவிட்டுப் போனாள். அவளைப் பார்த்தால் அவன் தொட்டிக்குள் குனிந்துகொள்வான்.

மூடிகளின் எண்ணெல்லாம் மனப்பாடமாக இருந்த கலாமணிக்கு அது போகிற வழி சீக்கிரமே புரிந்தது. நாற்பத்தொன்று, நாற்பத்துநாலு, ஐம்பத்திரண்டு, அறுபது, எழுபத்தொன்று. சாக்கடை கீழே குளத்துப் பக்கம் ஓடுகிறது, இது எதிரே மேட்டைப் பார்த்துப் போகிறது. எந்திரிக்கிற ஒவ்வொரு மூடியும் அவள் கையால் அளந்து செதுக்கி, ஒரு முடி நுழைய இடமில்லாமல் மூடிய மூடி. குழி குழியாக வந்து, முட்டிப் பார்த்து, முடியாமல் அடுத்ததற்குப் போகிறது. இதை நினைத்த அன்று அவள் பவுண்டரியில் மணல் மேட்டின் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இவ்வளவு நன்றாக வேலை தெரியாமல் இருந்திருக்கலாமே என்று அழுதாள்.

பறவை தொண்ணூறாம் மூடிக்கு வந்த அன்று அவள் மொபெட் நிஜமாகவே பஞ்சர். தள்ளிக்கொண்டு போய்க் கடை முன்னால் நிறுத்தினாள். கரும்பலகையில் நாலு நாளாக ஒன்றும் எழுதவில்லை. கிட்டுச்சாமியின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. டயரைக் கழற்றினான்.

"இன்னிக்கு எங்கீங்ண்ணா?" என்றாள் கலாமணி.

"எனக்கெப்புடித் தெரியும் தங்கச்சி."

"தொண்ணூறு. உங்க கடைக்கு முன்னால இருக்கறது தொண்ணூத்தேழு. இடையில ஒரே ஒரு வளைவுதான்."

அவன் டியூபைத் தொட்டியில் முக்கினான். குமிழி கிளம்பியது. ஓட்டை தெரிந்துவிட்டது, எடுக்க வேண்டியதுதானே, அவன் எடுக்கவில்லை. இரண்டு கையாலும் டியூபைத் தண்ணீருக்கடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, குமிழி ஒவ்வொன்றாக வந்து, சின்னதாகி, நின்றுபோகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். கலாமணியும் பார்த்தாள். பிறகு அவன் ஒட்டுப் போட்டு டயரை மாட்டிக் கொடுத்தான், கூலி வேண்டாம் என்று கையசைத்தான். அவள் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

அதற்கு மூன்றாம் நாள் காலை, பால்காரி பழனாத்தாள்தான் மறுபடியும் முதலில் பார்த்தாள். தொண்ணூற்றேழாம் மூடியில், நாமக்கோழிகளை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு, நட்ட நடுவில் எந்திரித்திருந்தது. கடைசியில் பலகை மாட்டினவன் வாசலுக்கே வந்துவிட்டது என்று ஊருக்கு ஒரே கொண்டாட்டம். ஆட்டோக்காரர்கள் மாலை வாங்கி வந்தார்கள், யாரோ கேசரி கிண்டி எடுத்து வந்தார்கள். கலாமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தாள். அலகில் அவள் செதுக்கிய பாசி இழை இல்லை. அதன் இடத்தில் மூன்று புரி முறுக்கிய கயிறு, நுனியில் ஒரு சுருக்கு, சுருக்குக்கு மேல் இரட்டை முடிச்சு, எல்லாம் இரும்பில்.

கிட்டுச்சாமி கடைக்குள்ளிருந்து வந்தான். அந்த முடிச்சைப் பார்த்தான். அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டான்.

"இது எங் கை முடிச்சு" என்றான். கேசரித் தட்டை வைத்திருந்தவள் தட்டோடு நின்றாள். "நாந்தான் கயிறு புடிச்சிருந்தேன். நாந்தான் அவனுக்கு அக்குள்ல சுருக்கு மாட்டி எறக்கிவுட்டேன். மாப்ள ஓய்னு கூப்புட்டேன், இருக்கேன்னான். ரெண்டாவதும் இருக்கேன்னான். மூணாவது கூப்புட்டதுக்குச் சத்தமில்ல. டக் டக்குனு தட்டுனான் தங்கச்சி. இழுக்கோணும். இழுத்தேன், கனம் தாங்கலை, குழியிலிருந்து ஒரு நாத்தம் வந்துச்சு, தலை சுத்துச்சு, நானும் உள்ள போயிருவேன்னு பயந்துட்டேன். கயித்த வுட்டுட்டேன். ஓடிட்டேன். அவன் வரவே இல்லைன்னு சொல்லச் சொன்னாரு சென்னியப்பன், சொன்னேன்."

பிறகு பழனாத்தாள் பால் கேனைக் கீழே வைத்தாள்.

"நானும் வரிசையில நின்னேன். நானும் பாத்தேன்" என்றாள்.

"நானும் பாத்தேனுங்க" என்றார் ஒரு ஆட்டோக்காரர். "எறங்கறதுக்கு முன்னால சட்டையக் கழட்டி ரேஷன் கடை ஜன்னல்ல மாட்டுனான்." நானும் பார்த்தேன், அரிசிப் பை என் கையில் இருந்தது. நானும் பார்த்தேன், ஏன் இன்னும் வரலை என்று நினைத்தேன், அப்போது என் முறை வந்துவிட்டது. நானும் பார்த்தேன், வீட்டுக்குப் போய் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொருவராகச் சொன்னார்கள், சொன்னவர்கள் யாரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. கலாமணி எல்லாவற்றையும் நின்று கேட்டாள். அவளுக்குக் கோபம்தான் வந்தது, மூன்று வருஷத்துக் கோபம். ஆனாலும் கிட்டுச்சாமியின் தோளில் கை வைத்து, "எந்திரிங்ண்ணா. வந்து இழுங்க" என்றாள்.

நகராட்சிப் பொறியாளர் தமயந்தி அந்த ஊருக்கு மாற்றலாகி வந்து நாலு மாதம்தான். நாற்பத்தொன்றாம் மூடியைச் சுற்றி அரை ஊர் நிற்க, அவர் கையில் பதிவேடு. சிமென்ட் போட்டு அடைத்த மூடியைச் சும்மா உடைக்க முடியாது, எதற்காகத் திறக்கிறோம் என்று காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கடப்பாரையைத் தொடலாம்.

"காரணம் என்னன்னு எழுதட்டும்?" என்றார்.

"அடைப்புன்னு எழுதுங்க மேடம்" என்றார் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்த சென்னியப்பன். "வேற எதையும் எழுதிப்போடாதீங்க, அப்புறம் வம்பு."

தமயந்தி கலாமணியைப் பார்த்தார். கலாமணி சொல்லச் சொல்ல, நின்றபடியே எழுதினார், எழுதியதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். "குழி எண் நாற்பத்தொன்று. காரணம்: உள்ளே இறக்கப்பட்ட தொழிலாளி வெள்ளிங்கிரியை மேலே எடுக்க." அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் பிறகு போலீஸ் சென்னியப்பன் வீட்டுக்குப் போனது, ஆனால் அது பின்னால் நடந்தது. அந்த நேரத்தில் கலாமணி செய்ததெல்லாம், அந்த வரியை மறுபடியும் ஒரு தடவை வாசிக்கச் சொன்னதுதான்.

சிமென்டை உடைத்து, மூடியைப் புரட்டினார்கள். காலை வெயில் குழிக்குள் நேராக விழுந்தது. முதல் படியில் ஒரு நீல நைலான் கயிற்றின் நுனி கிடந்தது, இப்போதுதான் யாரோ கொண்டுவந்து வைத்ததுபோல நனைந்து கிடந்தது. கிட்டுச்சாமி விளிம்பில் மண்டியிட்டு அதை எடுத்துக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

"மாப்ள... வெள்ளிங்கிரி... ஓய்!"

ஒன்றுமில்லை. மறுபடி கூப்பிட்டான். ஒன்றுமில்லை. மூன்றாம் தடவை அவனுக்கு அழுகைதான் வந்தது, அந்த அழுகையிலேயே கூப்பிட்டான்.

"இருக்கேன்" என்றது குழி.

யாரும் ஓடவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் அந்தக் குரலைக் கேட்டார்கள், மழையில் நனைந்த குரல், கொஞ்சம் சலித்துக்கொண்ட குரல், எவ்வளவு நேரமாகக் கூப்பிடுகிறேன் என்கிற குரல். கிட்டுச்சாமி இழுத்தான். ஒரு முழு ஆளின் கனம். உள்ளங்கைத் தோல் கிழிந்தது, விடவில்லை. பழனாத்தாள் அவனுக்குப் பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்தாள், அவளுக்குப் பின்னால் ஆட்டோக்காரர், அவருக்குப் பின்னால் ரேஷன் கடைக்காரர், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தமயந்தி, அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாகக் கீழவீதி, தேர்முட்டி, மேட்டுக்கடை. கயிறு முழம் முழமாக நனைந்து நனைந்து வந்தது. கடைசி முழத்தில் கனம் சட்டென்று போய்விட்டது. சுருக்கு வெளியே வந்தபோது அதற்குள் ஒரு முக்குளிப்பான் இருந்தது. உயிருள்ளது. உடம்பெல்லாம் சேறு, கழுத்தில் செம்மண் நிறம், அலகோரத்தில் மஞ்சள் புள்ளி. தெருவில் இறங்கி ஒரு எட்டு வைத்துப் பார்த்துக் குப்புற விழுந்தது.

அந்த வார்த்தையைக் கயிறு பிடித்தவன் சொல்ல வேண்டும். கிட்டுச்சாமி வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான், முடியவில்லை. கலாமணி பறவையைக் குனிந்து எடுத்து முந்தானையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஏறியாச்சு" என்றாள், தெருவின் அந்தக் கோடி வரை கேட்கும்படி.

குளத்துக்கு அவள் தனியாகத்தான் நடந்தாள். முந்தானைக்குள் அது பறவையைவிடக் கனமாக, இரும்பைவிட லேசாக, வெதுவெதுப்பாக இருந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று அதன் சேற்றைக் கழுவினாள், முதுகை, கழுத்தை, காலை, அவன் வேலை முடிந்து வந்தால் முதுகுக்கு எப்படித் தண்ணீர் ஊற்றுவாளோ அப்படி. "இத்தனை நாள் ஆச்சே சாமி" என்று மட்டும் சொன்னாள். பிறகு கையை விரித்தாள். அது ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது, கழுத்தை உள்ளிழுத்தது, வாலைத் தூக்கியது, முங்கியது.

தண்ணீரில் வட்டம் வட்டமாக விரிந்து அடங்கியது. எங்கே எந்திரிக்கிறது என்று பார்க்க அவள் நிற்கவில்லை. கரையேறி, புடவையைப் பிழிந்து உதறி, வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கும்போது, பதினாறுக்கு முதல் நாளாக, ஒன்று, என்று எண்ணினாள்.